செல்லுக்கு வயதாவது எப்போது தொடங்குகிறது?

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சோதிக்கப் போனவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். இரண்டாவது முறை ஊசி குத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நோயே இல்லாத இருபத்தைந்து வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் வெறும் வயிற்றில் சோதித்தால் இருவர் அளவிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. சர்க்கரை உள்ளே போன பிறகுதான் வயது வெளிப்படும். இளையவரின் உடல் சீக்கிரமே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மூத்தவரின் ரத்தத்தில் அளவு கூடுதலாக ஏறும், நிதானமாகத்தான் இறங்கும். உடல் தன் வெப்பத்தையும் உப்பையும் சர்க்கரையையும் ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தத் தன்மைக்கு அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1926-இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டார். தமிழில் சமநிலை என்கிறோம். அசைவற்று நிற்கும் ஒன்றாக அதைக் கற்பனை செய்துகொண்டால் முதுமை புரியாது. அது ஓயாமல் நடக்கிற திருத்த வேலை. வயதாக ஆக முதலில் குறைவது அந்த வேலையின் வேகம். கணக்கில் விழும் பிழைகள் பிறகுதான் கண்ணில் படுகின்றன. உடல் முழுவதற்கும் பொருந்தும் இந்த விஷயம் ஒற்றைச் செல்லுக்கும் பொருந்துகிறது என்பதும், அங்கே இந்தத் தளர்ச்சி நாம் நினைப்பதைவிட வெகு முன்னதாகவே தொடங்கக்கூடும் என்பதும் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் சொல்லும் செய்தி.

பொதுவாக முதுமை என்றால் தேய்மானம் என்றே எண்ணுகிறோம். இதற்கு மதிப்புமிக்க ஒரு விஞ்ஞான வடிவமும் உண்டு. செல் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும்போது உபரியாகப் பிறக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளைக் கெடுக்கின்றன, அந்தக் கெடுதல் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை ஆகிறது என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். அப்படியானால் ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்டுகளை விழுங்கினால் போதுமே என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் இந்த எண்ணத்தைச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வெளியானது. பீட்டா-கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. (மருந்துக் கடை அலமாரிகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.) சேதம் என்பதே பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு நொடியும் சேதம் நடக்கிறது, பிறந்த குழந்தையின் செல்லிலும்தான். குழந்தையின் செல் அதைச் சமாளித்துவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, சேதம் எவ்வளவு என்பது மட்டுமல்ல. அதைச் சமாளிக்கும் திறமைக்கு என்ன நேர்கிறது என்பதும்தான்.

புரதங்களை வைத்து இதைப் பார்ப்பது எளிது. நம் செல் ஒன்றில் நூற்றுக்கணக்கான கோடிப் புரத மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நீளச் சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை அதனால் பயனில்லை. குறிப்பிட்ட விதத்தில் மடிந்து, குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்தால்தான் அது வேலை செய்யும். சரியான மடிப்புக்கான தகவல் அந்தச் சங்கிலியிலேயே இருக்கிறது என்று சோதனைக்குழாயில் காட்டியதற்காக கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் சோதனைக்குழாயில் இருக்கும் தனிமை செல்லுக்குள் கிடையாது. அங்கே நெரிசல் அதிகம். பாதி மடிந்த சங்கிலிகளின் ஒட்டும் பகுதிகள் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். இரண்டு சங்கிலிகள் உரசினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு மூன்றாவதும் நான்காவதும் வந்து சேரும். முட்டையை வேகவைக்கும்போது கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு கட்டியாகி வெளுப்பது இதனால்தான். சூட்டில் மடிப்பு குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. செல்லுக்குள் இது நடக்காமல் பார்த்துக்கொள்ள மூன்று ஏற்பாடுகள் உண்டு. மடியும் சங்கிலியை அணைத்துப் பிடித்து, ஒட்டாமல் காக்கும் துணைப்புரதங்கள் ஒன்று. மடிக்க முடியாமல் போனவற்றின்மேல் யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, புரோட்டியசோம் என்ற துளைக்குள் தள்ளித் துண்டுகளாக்குவது இரண்டாவது. 2004-இன் வேதியியல் நோபல் இதற்கு. கட்டிகளையும் பழுதான உறுப்புகளையும் சவ்வுப் பைக்குள் அடைத்து, செரிக்கும் அறையான லைசோசோமுக்கு அனுப்பும் ஆட்டோஃபேஜி மூன்றாவது. ஈஸ்டில் இதற்கான மரபணுக்களைத் தேடிக் கண்டெடுத்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது.

இந்த ஏற்பாடுகள் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அது தெரியவந்ததற்கு ஒரு தற்செயல் காரணம். 1960-களின் தொடக்கத்தில் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரித்தோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட்டார்கள். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்களில் அதுவரை காணாத சில இடங்கள் உப்பியிருந்தன. அந்த இடங்களில் இருந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டு மும்முரமாக வேலை செய்ததற்கு அடையாளம் அது. பெரிய இதழ் ஒன்று முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட, கட்டுரை 1962-இல் வேறோர் இதழில் வெளியானது. சூடு பட்டதும் செல் அவசர அவசரமாகத் துணைப்புரதங்களைத் தயாரிக்கிறது என்பது பின்னால் தெளிவாகியது. எச்.எஸ்.எஃப்-1 என்ற ஒரு புரதம் அந்த மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறது. பாக்டீரியாவிலிருந்து மனிதர் வரை இப்படியொரு வெப்ப அதிர்ச்சி எதிர்வினை இருக்கிறது. தூண்டும் புரதம்தான் உயிருக்கு உயிர் வேறுபடும். செல்லின் சமநிலைக்கு இது சர்க்கரைச் சோதனையின் இரண்டாவது ஊசிபோல. செல் சும்மா இருக்கும்போது எத்தனை துணைப்புரதம் வைத்திருக்கிறது என்பதைவிட, தேவை வந்தபோது எத்தனை தயாரிக்கிறது என்பது அதன் வயதைச் சொல்லும்.

தேய்மானம் மட்டுமே நடக்கும் இடம் ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். கண்ணின் லென்ஸ். ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக அதன் நார்ச்செல்கள் முதிரும்போதே உட்கருவைத் துறந்துவிடுகின்றன; புதிய புரதம் செய்ய வழியில்லை. லென்ஸின் நடுவில் இருக்கும் புரதங்கள் கருவில் உருவானவை, சாகும்வரை அவையேதான். அங்கே ஏராளமாக இருக்கும் ஆல்ஃபா-கிரிஸ்டலின் என்ற புரதம் ஒரு துணைப்புரதமாகவும் வேலை செய்கிறது என்று 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் காட்டினார். அதாவது வாழ்நாள் முழுதுக்குமான கையிருப்பு பிறக்கும்போதே வைக்கப்பட்டிருக்கிறது. குலையும் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டே வரும் இந்தக் கையிருப்பு, லென்ஸின் நடுப்பகுதியில் ஏறக்குறைய நாற்பது வயதில் தீர்ந்துபோகிறது. படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதும் அதுதான். அதன் பிறகு கட்டிகள் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்துக் கண்புரையாகத் தெரிகின்றன. பழுதுபார்க்கவே வழியில்லாத ஓரிடத்தில், வெறும் இருப்பை வைத்துக்கொண்டு, சேதத்தை நாற்பது ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்திருக்கிறது. தேய்மானம் இவ்வளவு மெதுவான காரியம் என்றால், பழுதுபார்க்கும் வசதி முழுதும் உள்ள மற்ற செல்கள் ஏன் தடுமாற வேண்டும்?

இதற்குக் கிடைத்த மிகச் சுவாரசியமான விடை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழுவிடமிருந்து வந்தது. சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழு இரண்டு மூன்று வாரம்தான் வாழும். வளர்ந்த புழுவில், இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டால், 959 செல்கள். அவை மேற்கொண்டு பிரிவதில்லை. ஒரு புழுவின் உடல் புது செல்லைக் கொண்டு பழையதை மாற்றிவிட்டது என்ற சாக்குக்கே இடமில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோரிமோட்டோவின் குழு, சற்றே பலவீனமான மடிப்புள்ள புரதங்களைச் சுமந்த புழுக்களை வளர்த்தது. குளிர்ந்த சூழலில் அந்தப் புரதங்கள் ஒழுங்காகவே மடியும்; சூடானால் குலையும். எனவே செல்லின் பராமரிப்பு எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதை அளக்க அவை கருவியாகப் பயன்பட்டன. இளம் புழுக்களில் எல்லாம் சரியாக இருந்தது. முதிர்ந்த பருவத்தின் தொடக்கத்திலேயே, சூடு எதுவும் கூட்டாமல், அதே குளிர்ந்த சூழலில், வெவ்வேறு திசுக்களில் வெவ்வேறு புரதங்கள் குலையத் தொடங்கின. 2009-இல் வெளியான இந்த முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. புழுவுக்கு அப்போது முதுமையின் அறிகுறி எதுவும் இல்லை; நன்றாக நெளிகிறது, நன்றாகத் தின்கிறது. 2015-இல் ஜான் லபாடியாவும் மோரிமோட்டோவும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். வெப்ப அதிர்ச்சி எதிர்வினை நாளுக்கு நாள் படிப்படியாகக் குறையவில்லை. புழு முட்டையிடத் தொடங்கும் வேளையில், சில மணி நேரங்களுக்குள், சட்டென்று சரிந்தது. அந்த மரபணுக்கள் இருக்கும் டி.என்.ஏ. பகுதியை இறுக்கிச் சுருட்டும் வேதிக்குறிகள் கூடியிருந்தன; அக்குறிகளை அகற்றும் நொதியின் உற்பத்தி குறைந்திருந்தது. அந்த நொதியை அதிகமாகச் செய்யும்படி புழுவை மாற்றியபோது எதிர்வினை நீடித்தது. இனப்பெருக்கத் தண்டுச் செல்களை நீக்கியபோதும் நீடித்தது.

தேய்ந்து கெட்ட ஒன்று இப்படி நடந்துகொள்ளாது. மரபணுவில் பிழை இல்லை, இயந்திரம் முழுசாக இருக்கிறது, இனப்பெருக்க உறுப்பிலிருந்து வரும் ஒரு சமிக்ஞை, விசையை இறக்குவதுபோல, அதைத் தணித்து வைக்கிறது. உயிர் தன்னையே ஏன் இப்படிக் கைவிட வேண்டும் என்று கேட்கலாம். பரிணாமம் பற்றிய பழைய வாதம் ஒன்று இதற்கு உதவுகிறது. இனப்பெருக்கக் காலம் கடந்தபின் வெளிப்படும் குறைகளை இயற்கைத் தேர்வால் களைய முடியாது என்று 1952-இல் பீட்டர் மெடவார் சொன்னார். உடலைப் பராமரிக்கவும் சந்ததியை உண்டாக்கவும் ஒரே ஆற்றல்தான் பகிரப்படுகிறது, எந்த உயிரும் தன்னை என்றென்றைக்குமாகப் பராமரிக்கச் செலவிடாது என்று 1977-இல் டாம் கர்க்வுட் எழுதினார். காட்டில் ஒரு புழு சில நாட்களில் எதற்காவது இரையாகிவிடும். அதற்குள் முட்டையிட்டுவிட்டால் அதன் மரபணுக்களுக்குப் போதும். 1999-இல் சிந்தியா கென்யனின் ஆய்வகம், இனப்பெருக்கச் செல்களின் முன்னோடிகளை லேசரால் அழித்த புழுக்கள் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் வாழ்ந்ததைக் காட்டியது. ஆனால் முட்டையிடும் செலவு மிச்சமானதால்தான் ஆயுள் கூடியது என்று கணக்குப் போட முடியாது. முட்டைச் செல்களோடு இனப்பெருக்கச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுள் கூடுவதில்லை, அப்போதும் முட்டை இல்லைதானே! கர்க்வுட்டின் கணக்கு ஏன் இப்படியொரு ஏற்பாடு வந்தது என்பதைச் சொல்லலாம். உடலுக்குள் அது சமிக்ஞையாகவே நடக்கிறது, ஆற்றல் பற்றாக்குறையாக அல்ல.

புழு புழுதான், மனிதர் மனிதர்தான் என்பது முதல் ஆட்சேபம், நியாயமானதும்கூட. எல்லா முட்டைகளையும் சில நாட்களில் இட்டு முடிக்கும் உயிரிடமிருந்து, பெற்ற பிள்ளையைப் பல ஆண்டுகள் வளர்க்கும் உயிருக்கு அப்படியே கணக்கை மாற்ற முடியாது. மனிதச் செல்களில் இதே விசை இதே நேரத்தில் இறக்கப்படுகிறது என்று காட்டிய ஆய்வு இல்லை. ஆனால் தளர்வது எதிர்வினைத் திறன் என்பதற்குப் பாலூட்டிகளிடமும் சான்று உண்டு. முதியவர்களின் ரத்த வெள்ளையணுக்களைச் சூடாக்கினால் இளையவர்களின் அணுக்கள் அளவுக்கு அவை துணைப்புரதம் செய்வதில்லை. கிழட்டு எலிகளின் ஈரல் செல்களும் அப்படியே; ஆனால் வாழ்நாள் முழுதும் குறைவாக உணவு கொடுத்து வளர்த்த எலிகளில் இந்தக் குறைவு பெருமளவு நேரவில்லை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஆனா மரியா குவெர்வோ, குறிப்பிட்ட புரதங்களை ஒவ்வொன்றாக லைசோசோமுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒருவகை ஆட்டோஃபேஜியை ஆராய்ந்தார். வயதான எலிகளில் அது குறைவதற்குக் காரணம், லைசோசோமின் வாசலில் நிற்கும் ஒரு ஏற்பிப் புரதம் குறைவது. அந்த ஏற்பியை மட்டும் ஈரலில் குறையாமல் வைத்திருக்கும்படி சுண்டெலிகளை அவர் குழு உருவாக்கியது. 2008-இல் வெளியான முடிவின்படி, அந்தக் கிழ எலிகளின் ஈரலில் சேதமடைந்த புரதங்கள் குறைவாக இருந்தன, ஈரலின் வேலைத்திறன் இளம் எலிகளுடையதை ஒத்திருந்தது. வாசலைத் திறந்து வைத்தால் உள்ளே வேலை நடக்கிறது. முதுமையிலும் உள்ளே இருக்கும் இயந்திரம் பாழாகிவிடவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. எதிர்வினை குறைவதே சேதத்தின் விளைவாக இருக்கலாமே? கெட்ட புரதங்கள் பெருகப் பெருகத் துணைப்புரதங்கள் எல்லாம் அவற்றிலேயே மாட்டிக்கொள்ளும், புதிய நெருக்கடிக்கு ஆள் இல்லாமல் போகும். இது உண்மையில் நடக்கிறது. ஒரே ஒரு கெட்ட புரதம் சேர்ந்தாலும், அதோடு தொடர்பில்லாத மற்றப் புரதங்களும் மடிய முடியாமல் திணறுவதைப் புழுக்களில் பார்த்திருக்கிறார்கள். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்கள் பிரியாத நரம்புச் செல்களை, அதுவும் பெரும்பாலும் அறுபதுக்கு மேல், தாக்குவதற்கு இந்தச் சுழற்சி ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் சேதம்தான் முதலில் என்றால், சேதம் ஏதும் சேர்ந்திராத இளம் புழுவில் சில மணி நேரத்தில் நடக்கும் சரிவை விளக்க முடியாது. கட்டிகளை எதிரி என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2006-இல் ஆண்ட்ரூ டில்லினின் ஆய்வகத்தில், அல்சைமரோடு தொடர்புள்ள புரதத்தைச் செய்யும் புழுக்களின் முதுமையை இன்சுலின் சமிக்ஞையைக் குறைத்துத் தாமதப்படுத்தியபோது, நச்சுத்தன்மை குறைந்தது. சில கட்டிகளோ பெரிதாகத்தான் இருந்தன. சிறு கட்டிகள் சுற்றித் திரிவதைவிட ஒரே பெரிய கட்டியாக ஒதுக்கி வைப்பது செல்லுக்கு நல்லது என்று தோன்றுகிறது. நுண்ணோக்கியில் தெரியும் குப்பையை அளந்து செல்லின் நலத்தை முடிவுசெய்ய முடியாது.

இறக்கிய விசைதானே, ஏற்றிவிடலாமே என்று வாசகர் கேட்பது இயல்பு. நானும் அந்தக் கேள்வியில் ஆசை இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரியும் செல்கள் நிறைந்த நம் உடம்பில் அதற்கு வேறு விலை இருக்கிறது. 2007-இல் சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் குழு, எச்.எஸ்.எஃப்-1 இல்லாத சுண்டெலிகளுக்குப் புற்றுநோய் எளிதில் வருவதில்லை என்று கண்டது. வெறிபிடித்துப் பெருகும் செல்லும் ஒரு நெருக்கடியில் இருக்கும் செல்தான். அது பிழைப்பதற்கும் இதே துணைப்புரதங்கள்தான் தோள்கொடுக்கின்றன. புரோட்டியசோமை அடைக்கும் போர்டெசோமிப் என்ற மருந்து 2003 முதல் மல்டிபிள் மயலோமா என்னும் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஏராளமான புரதம் தயாரிக்கும் அந்தச் செல்கள் குப்பை அகற்றப்படாவிட்டால் செத்துப்போகும் என்பதே அதன் தத்துவம். சமநிலை காக்கும் எந்திரத்தை நாள் முழுதும் முடுக்கி வைப்பது எந்தச் செல்லுக்கு நன்மையாக முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆட்டோஃபேஜியைத் தூண்டும் ராபமைசின், மனித வயதில் அறுபதை ஒத்த 600 நாள் வயதில் கொடுக்கத் தொடங்கியும் சுண்டெலிகளின் ஆயுளைப் பெண்களில் 14 சதவீதமும் ஆண்களில் 9 சதவீதமும் கூட்டியது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதுமையில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. அதே மருந்துதான் சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கக் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடுக்கியே வைக்காமல், அவ்வப்போது தூண்டி அடங்க விடும் வழி ஒன்று நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது: உடற்பயிற்சி. டெக்சாஸில் பெத் லெவைனின் குழு, சாதாரண நேரத்தில் ஆட்டோஃபேஜி வழக்கம்போல் நடக்கும், ஆனால் தூண்டினாலும் அதிகரிக்காது என்ற வகைச் சுண்டெலிகளை உருவாக்கி ஓடவிட்டது. கொழுப்பான உணவு தின்ற எலிகளின் சர்க்கரைக் கட்டுப்பாட்டை உடற்பயிற்சி மேம்படுத்தும். இந்த எலிகளில் அது நடக்கவில்லை. 2012-இல் வந்த இந்த முடிவை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம், அடிப்படை அளவு சரியாக இருந்தும் எதிர்வினை இல்லாதபோது பலன் போய்விட்டது என்பதுதான். இதற்கு மறுபக்கம் போல 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு: நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் விழுங்கியவர்களுக்கு, பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் மேம்பாடு வரவில்லை. ஃப்ரீ ரேடிக்கல்களே செல்லைத் தட்டியெழுப்பும் செய்தியாகவும் இருக்கின்றன, அதை அடக்கினால் செல் எழுவதில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை உறுதிசெய்துவிடவில்லை. உடற்பயிற்சியால் ஆயுள் கூடும் என்று இதை வைத்து யாரும் விளம்பரம் செய்யக்கூடாது. செல்லுக்குச் சிறு தொல்லை தேவைப்படுகிறது என்ற அளவில் ஏற்கலாம்.

மருத்துவத்தில் இதுவரை கைகூடியிருப்பது வேறொரு வழி. செல்லின் திறமையைக் கூட்ட முடியாத இடத்தில் அதன் சுமையைக் குறைப்பது. ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தை ஈரல் செய்து ரத்தத்தில் விடுகிறது. நான்கு துண்டுகள் கூடியது அது. வயதானால், மரபணுவில் எந்தக் குறையும் இல்லாதவர்களிடமும், துண்டுகள் பிரிந்து குலைந்து இதயத் தசையில் படிகின்றன. பின்லாந்தில் 85 வயதுக்கு மேல் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, கால்வாசிப் பேரின் இதயத்தில் இந்தப் படிவு இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஜெஃப்ரி கெல்லி, அந்த நான்கு துண்டுகளும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறைக் கண்டுபிடித்தார். டஃபாமிடிஸ் என்ற பெயரில் அது மருந்தானது. இதயம் பாதிக்கப்பட்டவர்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2018-இல் வந்தது: இரண்டரை ஆண்டுகளில் மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தோர் 29.5 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 42.9 சதவீதம். ஏற்கெனவே படிந்ததை அது கரைப்பதில்லை, புதிதாகக் குலைவதைத்தான் தடுக்கிறது. அதனால் நோய் முற்றியவர்களுக்குப் பலன் குறைவாகவும், ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது.